ஒன்பதுக்குப் புறப்பட்டு எட்டரைக்குச் சேர்ந்த டட்சன்

1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, சிவானந்தத்தின் டட்சன் கார் காலை ஒன்பது மணிக்குக் கோல சிலாங்கூர்ப் பக்கத்துக் கிளன்மோர் தோட்டத்திலிருந்து புறப்பட்டு, அதே நாள் காலை எட்டரை மணிக்குக் கெர்லிங் போய்ச் சேர்ந்தது. இடையில் ஐம்பத்தைந்து மைல் ரோடு. பத்தாங் பெர்ஜுந்தையில் பெட்ரோல் போட ஐந்து நிமிடம் நின்றது, ரவாங் முச்சந்தியில் ஒரு மர லோரிக்கு வழிவிட்டது, பத்தாங் காலியில் குறுக்கே வந்த கோழிக்காகப் பிரேக் போட்டது. அப்படியும் எட்டரைக்குச் சேர்ந்துவிட்டது. அந்த வாரம் செம்பனை எண்ணெய் விலை இறங்கியிருந்தது. தோட்டத்தில் அதைப் பற்றிப் பேசியவர்கள்தான் அதிகம்.

இது எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் 1982 ஜனவரி முதல் தேதிக்குப் போக வேண்டும். தீபகற்பம் முழுக்கக் கடிகாரங்களை அரை மணி முன்னுக்குத் தள்ளி வைக்கும்படி அன்றுதான் உத்தரவு வந்தது. டவுன்காரர்கள் முள்ளைத் திருப்பிவிட்டு மறந்துபோனார்கள். தோட்டங்களில் அது அவ்வளவு சுலபமாக முடியவில்லை. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு புது மணிக்கு நடந்தது. கோயில் பூசை பழைய மணிக்கு நடந்தது. பால்காரர் பழைய மணி, பள்ளிக்கூட பஸ் புது மணி. ஒருவர் இன்னொருவரிடம் நேரம் கேட்டால், சொல்கிறவர் "எந்த மணி?" என்று திருப்பிக் கேட்பதே மரியாதை என்றாகிவிட்டது. கிளன்மோர் மாரியம்மன் கோயில் பூசாரி அப்பளசாமி தன் கைக்கடிகாரத்தைத் தொடவே மறுத்துவிட்டார். "சூரியனுக்கு யாரும் சர்க்குலர் அனுப்பலையே" என்பது அவருடைய கட்சி. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற ராகு காலம் பழைய மணிக்குத்தான் பொருந்தும் என்று அவர் அடித்துச் சொன்னார். மறுத்துப் பேசும் அளவுக்குப் பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

சிவானந்தம் செம்பனை ஆலையில் பிட்டர் வேலை பார்த்தான். வயது இருபத்தொன்பது. தாய் இராஜம்மாவோடு தொழிலாளர் குடியிருப்பு லயத்தில் கடைசி வீட்டில் இருந்தான். கடுகு நிறத்தில் ஒரு பழைய டட்சன் கார் வைத்திருந்தான். கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த செல்லையாவின் ஒரே மகள் கலாவதியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். தாயில்லாத பெண், அத்தை புஷ்பவள்ளி வளர்த்தவள், தோட்டத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்த அன்று சிவானந்தம், காப்பி கொண்டுவந்த பெண்ணைப் பார்த்ததைவிட மூலையில் இருந்த தையல் மெஷினைத்தான் அதிக நேரம் பார்த்தான். கிளம்பும்போது, "பெல்ட்டு லூசா இருக்குங்க, அதான் சத்தம்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. கலாவதிக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தையால்தான். மனுசன் பொய் சொல்லத் தெரியாதவன் என்று அத்தையிடம் சொன்னாளாம்.

கல்யாணம் அந்த ஜனவரி மாதமே, இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தேகால் வரை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். இரண்டு வீட்டாரும் ஒரே பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஒரே நேரத்தைத்தான் பத்திரிகையில் போட்டார்கள். எந்த மணி என்று போட யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அப்பளசாமியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பி, அவர் கணக்கில் ஐந்து நிமிடம் மிச்சம் வைத்துப் பத்துப் பத்துக்குப் போய் இறங்கினார்கள். செல்லையா வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேளத்தை ஏற்கனவே நிறுத்தியிருந்தார்.

"மணி என்ன?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"பத்துப் பத்துங்க."

"பத்து நாப்பது. ராகு காலம் பொறந்து பத்து நிமிசமாச்சு."

"பழைய மணிக்குப் பாருங்க கிராணி ஐயா" என்று அப்பளசாமி முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே மணி, கவர்மென்டு மணி. பெரட்டுக்கு லேட்டா வந்தவனுக்கு அன்னிக்குப் பேரு கிடையாது. முப்பது வருசமா யாருக்கும் மாத்துனதில்ல, மாப்பிள்ளைக்கும் மாத்த மாட்டேன்" என்றார் செல்லையா.

அவர் கெட்டவர் இல்லை. நேரம் தவறிய தொழிலாளிக்கு அன்றைய கூலிக்குப் பெயர் போடாத கிராணி, தன் வீட்டு விசேஷத்தில் மட்டும் பெயர் போட்டால் மறுநாள் எந்த முகத்தோடு பெரட்டில் போய் நிற்பார்? அவர் பக்கமும் நியாயம் இருந்தது, பூசாரி பக்கமும் நியாயம் இருந்தது. நடுவில் நின்றவன் கழுத்தில்தான் மாலை இருந்தது. சமைத்த சோற்றை வீணாக்கக் கூடாது என்பதில் மட்டும் இரு வீட்டாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு, பெண் இல்லாமல் திரும்பினார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சிவானந்தம் தனியாகக் கெர்லிங் போய்க் கிராணி ஆபீஸ் வாசலில் நின்றான். "அந்த அரை மணி நேரத்தக் கொண்டாந்து என் மேசையில வை. பொண்ணத் தர்றேன்" என்றார் செல்லையா. கோபத்தில் சொன்ன வார்த்தை. வேறு ஒருவனாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பான். ஆனால் சிவானந்தம் பிட்டர். இது வேண்டும் என்று யாராவது சொன்னால் அதற்கு எந்த ஸ்பானர் என்று யோசிக்கிறவன். வீட்டுக்கு வந்ததும் டட்சனின் பானெட்டைத் திறந்தான். அதை மறுபடி மூட இரண்டரை வருடம் ஆனது.

லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் செயின் பிளாக்கைக் கட்டி இன்ஜினைத் தூக்கினான். முதலில் பழைய புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்கு குழாய்கள் பின்னிக்கொண்டு வரும் எக்ஸ்ட்ராக்டரைப் பூட்டினான். கெர்லிங் போகிற நேரத்தில் பத்து நிமிடம் மிச்சம் கிடைத்தது. ரவாங்கில் ஹெட்டைச் சீவிக்கொண்டு வந்தான், எட்டு நிமிடம். ஒற்றைக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு இரட்டைக் கார்புரேட்டர் வைத்தான். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறு முனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே மாதிரி சீறுகின்றனவா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கேட்டான், அதில் பதினாறு நிமிடம். பிறகு வேறு கேம்ஷாப்ட், வேறு கியர்பெட்டி. இராஜம்மாவின் முறுக்குத் தட்டில் வால்வுகள் பெட்ரோலில் ஊறின. ஆட்டுக்கல் மேல் பிஸ்டன் வரிசையாக உட்கார்ந்திருந்தது. "ஒரு பொண்ணக் கொண்டாருவேன்னு பாத்தா, இரும்பாக் கொண்டாந்து சேர்க்கிறான்" என்று அவள் தண்ணீர்க் குழாயடியில் புலம்பினாள். அந்த வருடம் அவள் சுட்ட தீபாவளி முறுக்கில் லேசாகப் பெட்ரோல் வாசம் இருந்ததாக இப்போதும் சொல்கிறார்கள். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு சாமானைப் பூட்டியதும் அடுத்த ஞாயிறு கெர்லிங் வரைக்கும் ஓட்டி நேரம் பார்ப்பான். கிராணி வீட்டுக்கு எதிரில் வண்டியைத் திருப்பி, இறங்காமல், ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் போய்விடுவான். கலாவதி ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் மெஷின் சத்தம் அந்த ஒரு நிமிடம் நின்றுபோகும். ஆரம்பத்தில் இரண்டு மணி பத்து நிமிடம் ஆன பயணம் ஒன்றேகால் மணியில் வந்து நின்றது. அதற்கு மேல் ரோடு இடம் கொடுக்கவில்லை. வேகம் எவ்வளவு கூடினாலும் அது வரப்போகிற நேரத்தில்தான் மிச்சம் பிடித்தது. அவனுக்கு வேண்டியதோ போன நேரம். இது அவனுக்கு 1984 ஜூலையில்தான் உறைத்தது. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை என்பது இராஜம்மாவின் வாக்குமூலம்.

மறுநாள் ரவாங் பழைய இரும்புக் கடைக்குப் போனான். சாமானெல்லாம் அங்கேதான் வாங்கியிருந்தான். கடைக்காரர் ஆ லெக் வண்டியைச் சுற்றி வந்து, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "டைமிங் காசி மாஜு லா. தீகா பூலோ" என்றார். டைமிங்கை, தீப்பொறி விழுகிற நேரத்தை, முன்னுக்குத் தள்ளு, முப்பது. அவர் சொன்னது முப்பது டிகிரி, அதுவும் இன்ஜின் முழு ஓட்டத்தில் இருக்கும்போது. எந்த மெக்கானிக்குக்கும் இது தெரியும். ஆனால் சிவானந்தம் ஆலை பிட்டர். அவனுக்குக் கொதிகலன் தெரியும், பழத்தைப் பிழிகிற பிரஸ் தெரியும். தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை அதுவரை அவன் தொட்டதில்லை. மேலும், முன்னுக்குத் தள்ளு, முப்பது என்று அந்த வருடங்களில் அந்த ஊரில் யாரிடம் சொல்லியிருந்தாலும் ஒரே அர்த்தம்தான் எடுத்திருப்பார்கள். தேசமே அப்படித் தள்ளித்தானே வைத்தது?

வீட்டுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தான். வட்டமாக, நடுவில் ஒரு முள்ளோடு, கடிகாரம் மாதிரியே இருந்தது. விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் பன்னிரண்டு கோடு போட்டான். முள்ளை மேலிருந்து கீழே, சரியாக அரைச் சுற்று, முப்பது நிமிடம் திருப்பி வைத்து இறுக்கினான். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால் அப்படி வைத்த இன்ஜின் கிளம்பவே கிளம்பாது என்பார்கள். கார்புரேட்டர் வழியாக நெருப்புக் கக்கும், அவ்வளவுதான். சிவானந்தத்துக்கு அந்த விவரம் தெரியாது, இன்ஜினுக்கும் யாரும் சொல்லவில்லை. முதல் சாவியிலேயே கிளம்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதலில் சொன்னது. கெர்லிங் காப்பிக்கடைக் கடிகாரம் எட்டரை காட்டியபோது சிவானந்தம் அது நின்றுபோனது என்றே நினைத்தான். வழியில் அவனுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருந்தது. வயிறு அதைத்தான் சொன்னது. கடைக்காரர் ரேடியோவைத் திருப்பிக் காட்டிய பிறகே, காலையில் கிளம்புமுன் தனக்கு வந்த போனையும் சேர்த்து நம்பினான். உடனே செல்லையாவின் ஆபீசுக்குப் போய், "கொண்டாந்துட்டேன் ஐயா" என்றான். செல்லையா அத்தாட்சி கேட்டார். சிவானந்தம் ஆபீஸ் போனை எடுத்துக் கிளன்மோர் மளிகைக் கடைக்குப் போட்டு, சிவானந்தத்தைக் கூப்பிடச் சொன்னான். கடைப் பையன் லயத்துக்கு ஓடினான்.

"ஹலோ, யாரு?" என்றது அந்த முனை.

"நான்தான்."

"எங்கேருந்து?"

"கெர்லிங். கிராணி ஐயா ஆபீஸ்."

"வந்துட்டியா?"

"வந்துட்டேன் லா. ஒம்பதுக்குக் கிளம்பிடு. பத்தாங் காலியில ஒரு கோழி குறுக்க வரும், பாத்து."

செல்லையா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். எதிரில் நின்ற சிவானந்தம் வாயை மூடிக்கொண்டு நிற்க, போனில் இருந்த சிவானந்தம் "ஐயா, வணக்கங்க" என்றான். செல்லையா போனை வைத்தார். பேனாவைத் திறந்து, மறுபடி மூடினார். பிறகு சொன்னார்: "எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. மாப்பிள்ளைன்னு ரெண்டு பேரு நிக்கிறீங்க. இது நம்ம குடும்பத்துக்கு ஒத்து வராதுப்பா." சிவானந்தம் ஆபீசை விட்டு இறங்கினான். உடனே திரும்பினால் தோட்டத்து வாசலில் தன்னையே நேருக்கு நேர் பார்க்க வேண்டி வருமே என்று கூச்சப்பட்டு, மாலை வரைக்கும் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தான். அன்று அவன் மனம் உடைந்துதான் போனான். இரண்டரை வருட வேலை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

கிளன்மோர்க்காரர்கள் அப்படி விட்டுவிடவில்லை. கிடைத்த வசதியை ஏன் வீணாக்க வேண்டும்? ராகு காலத்தில் கிளம்ப வேண்டிய அவசரம் வந்தவர்கள் டட்சனில் ஏறி, ராகு காலம் பிறப்பதற்கு முன்பே போய் இறங்கினார்கள். கிளம்பிய நேரமா, சேர்ந்த நேரமா, எது கணக்கு என்று கோயில் கமிட்டி இரண்டு கூட்டம் போட்டுப் பேசியது. அரசாங்கம் எடுத்துக்கொண்ட அரை மணி எங்கேயும் போகவில்லை, ரோட்டோரம்தான் கிடக்கிறது, டட்சன் அதில் சக்கரத்தை விட்டுவிட்டது என்று அப்பளசாமி விளக்கம் கொடுத்த பிறகு எல்லாருக்கும் திருப்தியாகிவிட்டது. ஒரு முறை இரண்டு போலீஸ்காரர்கள் ரோட்டின் இரண்டு முனையில் நின்று நேரம் பிடித்தார்கள். தூரத்தை நேரத்தால் வகுத்துப் பார்த்தபோது வேகம் பூஜ்யத்துக்கும் கீழே வந்தது. நின்றுகொண்டிருப்பதைவிட மெதுவாகப் போனதற்குச் சம்மன் எழுதச் சட்டத்தில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்குள் செல்லையா ரவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த தேவதாஸ் என்ற பையனைக் கலாவதிக்கு நிச்சயம் செய்துவிட்டார். 1985 பிப்ரவரி முதல் தேதி, வெள்ளிக்கிழமை, அதே ஒன்பதிலிருந்து பத்தேகால். கலாவதியை யாரும் கேட்கவில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு சிவானந்தத்துக்கு ஒரு தபால் அட்டை வந்தது. "வெள்ளிக்கிழமை ஒன்பது நாற்பது. வீட்டுப் பின்பக்கம். புது மணி" என்று எழுதியிருந்தது. புது மணியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அன்று நடந்ததை நேரப்படி சொன்னால்தான் குழப்பம் வராது. காலை ஒன்பது பத்துக்குக் கிளன்மோர் கோயில் வாசலில் டட்சன் வந்து நின்றது. கல்யாணப் புடவையோடு கலாவதி இறங்கினாள், பின்னாலேயே சிவானந்தம் இறங்கினான். இன்னொரு டட்சன் பக்கத்தில் நின்றது. அவளை அழைத்துவர இனிமேல்தான் கிளம்ப வேண்டிய சிவானந்தம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தான். வந்திறங்கியவளைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போனால் வருவாளா என்று இரவெல்லாம் பயந்துகொண்டிருந்தவன் அவன். எந்த மகனுக்கு மாலை போடுவது என்று இராஜம்மா தடுமாற, "பொண்ணோட இறங்கினவனுக்குப் போடும்மா, மத்தவனுக்கு வேலை இருக்கு" என்றார் அப்பளசாமி. ஒன்பது இருபதுக்குத் தாலி கட்டியாயிற்று. கலாவதி கேட்டுக்கொண்டபடி, கோயில் கல்யாணப் புத்தகத்தில் புது மணியிலேயே நேரத்தைப் பதிந்தார்கள். துடைத்துக்கொண்டிருந்த சிவானந்தம் தன் கல்யாணத்துக்குத் தானே மஞ்சள் அரிசி போட்டுவிட்டு, ஒன்பதரைக்குப் பெண்ணை அழைத்துவரக் கிளம்பினான். ஒன்பது மணிக்குக் கெர்லிங் போய்ச் சேர்ந்து, கிராணி வீட்டுப் பின்பக்கம் வாழை மறைவில் காத்திருந்தான்.

கெர்லிங்கில் ஒன்பது இருபதுக்குக் கலாவதி கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். புஷ்பவள்ளி அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். செல்லையா உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்று கேட்டார். "ஆகுதுப்பா" என்றாள். தேவதாஸ் மணவறையில் வந்து உட்கார்ந்தான். ஒன்பது நாற்பதுக்குப் பெண்ணை அழைத்து வரச் சொன்னார்கள். கலாவதி எழுந்து, கூடத்துப் பக்கம் போகாமல், அடுக்களை வழியாகப் பின்பக்கம் போய்க் காரில் ஏறினாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். தேவதாசுக்கும் அன்று பாயசம் வரைக்கும் சாப்பாடு கிடைத்தது. அவன் மறு வருடமே பத்தாங் காலியில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

மறுநாள் செல்லையா பஸ் பிடித்துக் கிளன்மோர் வந்தார். மகள் இருந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போய்ப் புத்தகத்தைக் கேட்டார். ஒன்பது இருபது, புது மணி என்று இருந்தது. ஒன்பது இருபதுக்கு அவர் தன் கண்ணால் மகளைக் கண்ணாடி முன்னால் பார்த்தவர், அவளோடு பேசியவர். ஆனால் புத்தகத்தில் ஏறினதுதான் நடந்தது, ஏறாதது நடக்கவில்லை என்றே முப்பது வருடம் ஆயிரம் பேருக்குத் தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான். மூன்று தரம் படித்தார். பக்கத்தை மூடி வைத்தார். புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திரும்பும் வழியில் கோல குபு பாருவில் இறங்கிக் கண்ணைச் சோதித்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். மகளோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். கலாவதி எழுதிய கடிதங்களைப் படித்து, தேதிவாரியாக அடுக்கி வைத்தார், பதில் எழுதவில்லை. அடுத்த மூன்றரை வருடம் அவள் எழுதிய எல்லாக் கடிதத்திலும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். வரலாமாப்பா?

மற்றபடி குடும்பம் நன்றாகத்தான் நடந்தது. டட்சனில் ரவாங் சந்தைக்குப் போனால் அரை மணி நேரம் கலாவதி சந்தையிலும் இருப்பாள், வீட்டு அடுப்படியிலும் இருப்பாள். இராஜம்மா இதில் ஒரு குறையும் காணவில்லை. மருமகள் இரண்டு இடத்தில் வேலை செய்வதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் ஆச்சரியப்படவில்லை. தங்கள் வீட்டு மருமகள்கள் டட்சன் இல்லாமலே அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள்.

செல்லையா 1988 அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை மாலை ஐந்து பத்துக்கு, கெர்லிங் டவுனில் ஓய்வு பெற்றுக் குடியிருந்த வீட்டில், நெஞ்சுவலியால் காலமானார். ஐந்து இருபதுக்குக் கிளன்மோர் மளிகைக் கடைக்குப் போன் வந்தது. அரிசி கழுவிக்கொண்டிருந்த கலாவதி ஈரக் கையோடு போய் எடுத்தாள். புஷ்பவள்ளி அழுதாள், பேச முடியவில்லை, "கிளம்பி வாம்மா" என்பது மட்டும் கேட்டது. சிவானந்தம் ஆலையிலிருந்து வந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். ஐந்தரைக்கு டட்சனில் ஏறினார்கள். ஐந்து மணிக்கு அப்பா வீட்டு வாசலில் இறங்கினார்கள்.

வழியெல்லாம் ஒன்றேகால் மணி நேரம் அழுது வீங்கிய முகத்தோடு கலாவதி உள்ளே நுழைந்தாள். செல்லையா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புஷ்பவள்ளி வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் மகளின் முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஜன்னல் வழியாக வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"எத்தன மணிக்குக் கிளம்புன?" என்று கேட்டார். மூன்றரை வருடத்தில் பேசிய முதல் வார்த்தை அது.

கலாவதி நேரத்தைப் பற்றி அவரிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அன்று சொல்ல நினைத்தாள்; வாய் வரவில்லை.

"அஞ்சரைக்குப்பா."

செல்லையா திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இரண்டு. முப்பது வருடம் கிராணியாக இருந்தவருக்கு அந்தக் கணக்கைப் போட அதிக நேரம் ஆகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப இன்னும் நேரம் இருக்கு. உக்காரு" என்றார்.

உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவமெல்லாம் இல்ல. சொல்லாமப் போயிட்ட, அதான்" என்றார்.

"சொன்னா விட்டிருப்பீங்களாப்பா?"

"விட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபோது வலித்தது. கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளய ஏன் வெளியில நிக்க வச்சிருக்க? உள்ள கூப்பிடு" என்றார். சிவானந்தம் உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். இன்னும் ஆலையில்தான் வேலையா என்று அவர் கேட்க, ஆமாங்க மாமா என்று அவன் சொன்னான். காப்பி குடிச்சிட்டுப் போகலாம் என்றார். புஷ்பவள்ளி காப்பி போட எழுந்தபோது ஐந்து பத்து.

புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கலாவதிக்கு அழுகை வரவில்லை. எல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. அப்பாவின் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள், கையை நேராக வைத்தாள், வேட்டியைச் சரி செய்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கைப்பையிலிருந்து சில்லறையை எடுத்து அத்தையின் கையில் வைத்தாள்.

"அத்தை, கடைக்குப் போயி எனக்குப் போன் பண்ணுங்க."

"நீதான் இங்க இருக்கியேம்மா."

"அங்க அரிசி கழுவிக்கிட்டு இருக்கேன் அத்தை. எனக்கு இன்னும் தெரியாது. அழாமச் சொல்லுங்க, பயந்துருவேன்."

புஷ்பவள்ளி சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டு, காப்பிக்கடைப் பக்கம் இருந்த போனுக்கு நடந்தாள். அழாமல் சொல்ல வேண்டும், அழாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். அந்த முனையில் கலாவதியின் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டாள்.